ஒரே ஓனர், ஓன் போர்டு

விளம்பரங்களில் இருப்பதெல்லாம் கேட்கிற விலை. கைமாறிய விலை எங்கேயும் அச்சாவதில்லை. ஒரே மாடல், ஒரே வருஷம், கோயமுத்தூரைச் சுற்றி இருபது வண்டிகள் விளம்பரத்தில் கிடந்தால் இருபதையும் கூட்டிச் சராசரி போட்டு ‘மார்க்கெட் ரேட்’ என்கிறோம். அது விற்காத வண்டிகளின் சராசரி. விலையைச் சரியாகப் போட்டவர் வண்டி ரெண்டு நாளில் போய்விட்டது; பட்டியலிலேயே இல்லை. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிற வண்டியின் விலைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

ஆகவே இன்றைக்குப் பார்த்த வண்டிகளின் விலையை எழுதி வைத்துக்கொண்டு, ரெண்டு வாரம் கழித்து எவையெல்லாம் காணாமல் போயின என்று பார்க்க வேண்டும். காணாமல் போனவற்றின் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நிஜத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

*

கார் மச்சானுக்கு. கையில் நாலு லட்சம், இழுத்தால் நாலேகால். போகிற பழைய கார் கன்சல்டிங்கில் எல்லாம் எடுத்தவுடன் “நாலு லட்சத்துக்கு என்ன வண்டி இருக்கு?” என்று கேட்டுவிடுகிறான். கேட்ட மாத்திரத்தில் அங்கே நிற்கிற வண்டியெல்லாம் 3,95,000 ஆகிவிடுகிறது. இனிமேல் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாலு லட்சம் இருந்தால் வண்டிக்கு மூன்றரைதான். மீதி ஐம்பதாயிரம் பெயர் மாற்றத்துக்கு, இன்சூரன்ஸுக்கு, டயருக்கு, முதல் சர்வீஸுக்கு. இதை அவன் ஒப்புக்கொள்ளவே ஒரு வாரம் ஆனது.

*

இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி திருடு போனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கம்பெனி தரும் உச்சத்தொகை. அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு: 6 மாதம் வரை 5 சதவீதம், 1 வருஷம் வரை 15, 2 வரை 20, 3 வரை 30, 4 வரை 40, 5 வரை 50. அதற்கு மேல் அட்டவணை கிடையாது. உரிமையாளரும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வதுதான்.

இதையே விலை என்று நம்புகிறவர்கள் நிறைய. விற்கிறவருக்குச் சாதகமாக இருந்தால் பாலிசியை விரித்துக் காட்டுவார். பாதகமாக இருந்தால் “அது சும்மா இன்சூரன்ஸுக்குங்க” என்பார். இந்த அட்டவணைக்கு இன்னோவாவும் ஒன்றுதான், கடையைக் கட்டிவிட்டுப் போன கம்பெனியின் காரும் ஒன்றுதான். சந்தைக்கு அப்படி இல்லை. நன்றாக வைத்திருந்த டீசல் இன்னோவாவை 5 வருஷம் ஆனதும் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள், காபிகூடக் கிடைக்காது.

*

2025 செப்டம்பர் 22. பழைய கார் விலையில் இந்தத் தேதி ஒரு கோடு கிழித்துவிட்டது. 4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கும், அதே நீளத்தில் 1,500 சி.சி.க்குள் உள்ள டீசல் கார்களுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு மேல் பெட்ரோலுக்கு 1, டீசலுக்கு 3 சதவீதம் என்று இருந்த செஸ்ஸும் போயிற்று. வரிக்கு முன் 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 7,74,000 ஆக இருந்த பெட்ரோல் கார் 7,08,000 ஆயிற்று. 66,000 ரூபாய் ஒரே நாளில்.

புதுசு இறங்கினால் பழசும் இறங்கித்தானே ஆக வேண்டும்? ஒன்றிரண்டு வருஷமே ஓட்டியவர்களுக்கு இது வயிற்றெரிச்சல். “நான் வாங்கினப்ப ஆன்-ரோடு ஒம்பதேகாலுங்க” என்று பில்லை நீட்டுகிறார்கள். பாவம்தான். ஆனால் அவர் கட்டிய வரியில் நாம் பங்காளி இல்லை. அதே வண்டி இன்றைக்கு ஷோரூமில் என்ன விலை? அங்கிருந்துதான் கீழே இறங்க வேண்டும்.

ஆன்-ரோடு விலையிலிருந்து கணக்கைத் தொடங்குவதும் சரியில்லை. அதில் இருக்கும் முதல் வருஷ இன்சூரன்ஸ் தீர்ந்துபோனது. சீட் கவர், டீலர் மாட்டிவிட்ட கிரோம் பட்டை, கதவைத் திறந்தால் ஒளிர்கிற மிதியடி விளக்கு ஆகியவற்றுக்குப் பழைய காரில் ஒரு பைசா கிடையாது. சாலை வரி மட்டும் வேறு. வாழ்நாள் வரியாகக் கட்டியது. மிச்சமுள்ள வருஷங்களுக்கு அது நமக்கும் உழைக்கிறது. அந்த அளவுக்கு அதை மதிப்பதுதான் நியாயம்.

பழைய கார் வியாபாரத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய கவுன்சில், சின்னது பெரியது என்றில்லாமல் எல்லாப் பழைய கார்களுக்கும் 18 சதவீதம் என்று ஒன்றாக்கியது. அது வண்டி விலையின் மேல் இல்லை, வியாபாரியின் லாபத்தின் மேல். அதுவும் ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரிக்குத்தான். தனி ஆள் தன் காரைத் தனி ஆளுக்கு விற்றால் கிடையவே கிடையாது. “பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி. தனிங்ணா” என்று முழு விலைக்கும் கணக்குப் போடுகிற இடத்தில் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

*

செவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் கடைசி வண்டி 2022இல் இறங்கியது. ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வண்டி அறிவிப்புக்கு முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் மறுநாளும் இருந்தது. விலை மட்டும் போய்விட்டது.

வாங்குகிறவருக்கு இது வாய்ப்பு, ரெண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, எட்டு பத்து வருஷம் வைத்து ஓட்டப் போகிறவராக இருக்க வேண்டும். ரெண்டு, அந்த வண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க வேண்டும். ரெண்டு வருஷத்தில் மாற்றிவிடுகிற ஆள் அதன் கிட்டவே போகக் கூடாது; வாங்கும்போது மிச்சப்படுத்தியதை விற்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். ஒரே வண்டி, ரெண்டு ஆட்களுக்கு ரெண்டு நியாயமான விலை.

இதற்கு நேர் எதிர், மாருதியின் பழைய டீசல் ஸ்விஃப்டும் டிசையரும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. புதுசு கிடையாது என்றதும் பழசுக்கு மவுசு. அந்த 1.3 லிட்டர் எஞ்சின் ஃபியட் கொடுத்தது. ஃபியட், மாருதி, டாடா, செவர்லே என்று பல பெயர்களில் ஓடியது. அதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் அரிது. ஒரு வண்டியின் விலையைத் தாங்கிப் பிடிப்பதில் பாதி வேலை அதைத் தெரிந்த மெக்கானிக்குகளின் எண்ணிக்கையுடையது.

*

டெல்லி வண்டி என்று ஒரு தனி ரகம். தலைநகரில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசலும் 15 வருஷத்துக்கு மேற்பட்ட பெட்ரோலும் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது; 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அதனால் கெடு நெருங்கும் டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே இறங்கின. விலையைக் கேட்டால் யாருக்கும் சபலம் தட்டும். அதோடு கூட்ட வேண்டியவை: அங்கிருந்து படிவம் 28இல் என்.ஓ.சி., வண்டியைக் கொண்டுவரும் செலவு, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரி, மறுபதிவு, அதற்கான அலைச்சல். வித்தியாசத்தில் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடும். பாண்டிச்சேரி நம்பர் வண்டிக்கும் இதே கணக்குதான், தூரம்தான் குறைவு.

*

டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டி. மஞ்சள் பலகையைக் கழற்றி வெள்ளைப் பலகை மாட்டுவது சட்டப்படி முறையாகச் செய்யக்கூடியதுதான். அதில் குற்றம் ஒன்றுமில்லை. சொல்லாமல் விற்பதுதான் குற்றம். டாக்ஸியாக ஓடியது வருஷத்துக்கு அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்கும். ஆர்.சி. விவரங்களைத் துருவினால் தெரியும். அதற்கு முன் பின்சீட்டைப் பாருங்கள். குடும்ப வண்டியில் தேய்வது டிரைவர் சீட். டாக்ஸியில் பின்சீட்டும் சேர்ந்து தேயும், அதிலும் இடது பக்கம். கூரையில் கேரியர் மாட்டிய துளைகள், டேஷ்போர்டுக்கு அடியில் எங்கும் போய்ச் சேராமல் தொங்கும் வயர் ஆகியவையும் பேசும்.

ஓனர் எண்ணிக்கையை நான் பெரிதாக எடுப்பதில்லை. அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்கு மாறியதும் ‘செகண்ட் ஓனர்’தான், விலை குறைந்தால் நமக்கு லாபம். பத்து வருஷத்தில் 18,000 கிலோமீட்டர் ஓடிய ஒரே ஓனர் வண்டிக்கு ஆசைப்படுவதும் வேண்டாம். நின்றே கெட்ட ரப்பர், இறுகிய பிரேக் கேலிப்பர், செத்த பேட்டரி எல்லாம் அதனோடு வரும்.

“டாக்டர் வெச்சிருந்த வண்டிங்ணா.” விளம்பரங்களை நம்பினால் கோவையில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் டாக்டர்கள், அவர்களில் ஒருவரும் காரை வெளியே எடுப்பதில்லை.

*

மீட்டர். கேபிள் மீட்டர் காலத்தில் கழற்றிப் பின்னோக்கிச் சுற்றினார்கள். இப்போது லேப்டாப்பைச் செருகினால் சில நிமிஷ வேலை. ஆகவே மீட்டரில் தெரிகிற எண்ணை வாக்குமூலமாகத்தான் எடுத்துக்கொள்வது. சாட்சிகள் வேறு.

பிரேக் பெடலின் ரப்பர். டிரைவர் சீட்டின் வலது ஓரம், ஏறி இறங்கும்போது உரசுகிற இடம். ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடத்தில் வழவழப்பு. 40,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் மொட்டையாக இருக்காது. ரப்பர் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆம் வாரம் செய்த டயர். 2019 வண்டி, 28,000தான் ஓடியது என்கிறார்கள், நாலு டயரும் 2022. கம்பெனியிலிருந்து வந்த டயர் 28,000இலேயே தீர்ந்ததா? கேட்டால் ஒரு கதை வரும். அந்தக் கதையைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிஷம் கழித்து வேறு மாதிரி கேட்க வேண்டும்.

போனட்டுக்கு அடியிலோ கதவுத் தூணிலோ ஆயில் மாற்றிய கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் சில வண்டிகளில் மறந்துபோய் அப்படியே இருக்கும், அடுத்த சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் என்று பேனாவால் எழுதி. மீட்டரைத் திருத்தியவர் அதைக் கிழிக்க மறந்த வண்டி ஒன்றைச் சுந்தராபுரம் பக்கம் பார்த்தோம். மீட்டர் 58,000. ஸ்டிக்கர் 1,10,000. விற்கிறவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “அது வேற வண்டி ஸ்டிக்கருங்ணா” என்றார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கணினியில் எல்லாம் இருக்கும். உரிமையாளரையே நம் எதிரில் போன் போட்டுக் கேட்கச் சொல்வது நல்லது. தயங்கினால் அதுவும் ஒரு பதில்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: கிலோமீட்டருக்கு நாம் பயப்படுகிற அளவுக்கு எஞ்சின் பயப்படுவதில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி சேலம் ஹைவேயில் ஓடிய 90,000, காந்திபுரம் சிக்னலில் ஓடிய 45,000ஐ விட நல்லது. லட்சத்தைத் தாண்டியதும் வண்டி விலை தடாலென்று விழுகிறது. 98,000க்கும் 1,02,000க்கும் இரும்பில் எந்த வித்தியாசமும் இல்லை. லட்சம் தாண்டிய, கணக்கு வழக்கு சுத்தமான வண்டிதான் காசுக்கு ஏற்றது என்பது என் கட்சி. மச்சானிடம் சொன்னேன். ஆறு இலக்க மீட்டரைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்களாம்.

*

ஆக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001இல் நோபல் பரிசு. வண்டியின் குறை விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் சராசரி விலைக்கு மேல் போகமாட்டான். அந்த விலைக்கு விற்க மனசில்லாமல் நல்ல வண்டிக்காரன் ஒதுங்கிக்கொள்வான். சந்தையில் மட்டமானவையே மிஞ்சும். சாரம் அவ்வளவுதான்.

ஒதுங்கிய நல்ல வண்டிகள் எங்கே போகின்றன? நம் ஊரில் பதில் தெரிந்ததே. ஆபீஸில் பக்கத்து மேசைக்காரருக்கு, சித்தப்பா மகனுக்கு, இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கின் இன்னொரு வாடிக்கையாளருக்கு. விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே கைமாறிவிடுகிறது. ஆகவே மெக்கானிக்கிடம் “ஏதாவது வண்டி வந்தா சொல்லுங்க” என்று சொல்லி வைப்பது எல்லா ஆப்களையும்விட மேல்.

*

பெயிண்ட் அடித்த கதவு எனக்குக் குறையே இல்லை. எட்டு வருஷம் நம் ரோட்டில் ஓடிய வண்டியில் ஒரு கீறலும் இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். பார்க்க வேண்டியது பட்டி போட்ட இடத்தை. சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்தால், தகரத்தில் ஒட்டும், கனத்த பட்டியில் ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே வைத்துப் பார்த்துப் பதற வேண்டாம். போனட் கீல் போல்ட்டுகளில் பெயிண்ட் உடைந்திருந்தால் யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள். கதவு ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் உரித்தால் உள்ளே கம்பெனி வைத்த வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். வரிசை குலைந்திருந்தால் அந்தப் பக்கம் அடி.

ஏப்ரன், முன் சேஸிஸ் கால், கதவுத் தூண் இந்த மூன்றில் ஒன்றில் டிங்கரிங் நடந்திருந்தால் வண்டியை விட்டுவிட வேண்டும். “எவ்வளவு குறைச்சா எடுக்கலாம்?” என்றான் மச்சான். எவ்வளவு குறைத்தாலும் எடுக்கக் கூடாது. சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை எரியவிடாமல் செய்திருக்கிறார்கள். உள்ளே பை இருக்குமோ, பஞ்சு இருக்குமோ.

பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று முடிக்கும். அப்படி முடிந்த வண்டிகள் எல்லாம் உடைப்புக் கடைக்குப் போவதில்லை. சில பளபளவென்று திரும்பி வருகின்றன.

வெள்ளம் பார்த்த வண்டி இன்னும் மோசம். 2015 டிசம்பர், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர், இரண்டிலும் சென்னையில் முழுகிய கார்கள் எத்தனையோ. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் உள்சுருளில் வண்டல் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் சேறு, ஹெட்லைட்டுக்குள் வியர்வை. காருக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், வயரிங் வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பழிவாங்கும்.

ஊரும் விலையில் உண்டு. டி.என். 43 ஊட்டி வண்டியில் கிளட்ச்சையும் பிரேக்கையும் சந்தேகப்படு. டி.என். 69 தூத்துக்குடி வண்டியில் அடிப்பக்கத் துருவை.

*

பதிவு எண்ணின் கூட்டுத்தொகை 8 வந்தால் வாங்கத் தயங்குகிறவர்கள் இங்கே ஏராளம். வண்டி நன்றாக இருந்து எண் மட்டும் எட்டாக இருந்தால் பேரத்தில் பத்தாயிரமாவது இறங்கும். எனக்கு எட்டோடு பகை இல்லை. என் தங்கைக்கு உண்டு. அத்தோடு அந்தப் பத்தாயிரம் போயிற்று.

ஆடியில் போய்க் கேட்டால் கன்சல்டிங்கில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், விலை படியும். ஆயுத பூஜைக்கு முன்னால் போனால் நம்மை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

*

பேப்பர். வண்டியைவிட இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பேன்.

பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, எச்.பி. எனும் கடன் பதிவு இருக்கிறதா என்று தெரியும். நிலுவைச் சலான்களையும் பார்த்துவிட வேண்டும். கடன் அடைத்த பிறகும் எச்.பி. கேன்சல் செய்யாமல் விட்ட வண்டிகள் நிறைய. “அது ஒண்ணுமில்லீங்ணா, பேங்க்ல லெட்டர் வாங்கிக்கலாம்.” சரி, வாங்கிக்கொண்டு வாருங்கள், படிவம் 35ஓடு, அப்புறம் அட்வான்ஸ் தருகிறோம்.

பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது நல்ல துப்பு. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கேற்ப அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஏழு வருஷ வண்டிக்கு 20 என்றால் சமீபத்தில் எதற்கோ கிளெய்ம் போயிருக்கிறது. எதற்கு என்று கேட்கலாம். ஆனால் 50 இருந்தால் அடிபடாத வண்டி என்று முடிவுகட்டவும் முடியாது. அந்தப் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. முந்தைய காரிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். அதே காரணத்தால் அது நமக்கும் வராது. அவர் கட்டிய பிரீமியத்தைப் பார்த்து நம் செலவைக் கணக்குப் போடக் கூடாது. ‘இன்சூரன்ஸ் இருக்கு’ என்றால் ஃபுல்லா, வெறும் தேர்ட் பார்ட்டியா என்பதும் கேட்க வேண்டியது.

படிவம் 29, 30இல் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமலே ரெண்டு மூன்று கை மாறும் வண்டிகள் உண்டு. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே “பேரை உடனே மாத்திக்கணும்” என்று பிடிவாதம் பிடிக்கிற விற்பனையாளரைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை. அப்படிப்பட்டவர் வண்டிக்கு ஐயாயிரம் கூடக் கொடுக்கலாம்.

*

15 வருஷக் கணக்கு. பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதற்கு மேல் 5 வருஷம் புதுப்பிக்கலாம்; அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 13 வருஷ வண்டியை மலிவு என்று வாங்குகிறவர் இதையும், அதற்கு முன் வண்டியை ஆர்.டி.ஓ. கண்ணுக்குத் தயார் செய்யும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வருஷத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதுதான் என் வழி. மூன்றரைக்கு வாங்கி நாலு வருஷம் ஓட்டி ரெண்டுக்கு விற்றால் வருஷத்துக்கு 37,500. எட்டுக்குப் புதுசு வாங்கி நாலு வருஷத்தில் ஐந்துக்கு விற்றால் 75,000. பழசில் மிச்சமாகும் 37,500க்குள் பழுதுச் செலவு அடங்கினால் பழசு லாபம். அடங்காது என்று மெக்கானிக் சொன்னால் அந்த வண்டி எந்த விலையிலும் மலிவு இல்லை.

*

மெக்கானிக்குக்குக் கூலியை முன்னாலேயே பேசிவிட வேண்டும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவ்வளவு என்று. வியாபாரம் படிந்தால்தான் அவருக்குக் காசு என்றால் எல்லா வண்டியும் நல்ல வண்டி ஆகிவிடும். விற்கிறவர் “நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்” என்று கூட்டிவரும் மெக்கானிக் வேண்டவே வேண்டாம்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் போனட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் “நாளைக்கு வர்றோம், ஸ்டார்ட் பண்ணாம வையுங்க” என்று திரும்பிவிடுவார். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசுமாம். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்து மேலே வைப்பார்; குதித்தால் கம்ப்ரஷன் கீழே கசிகிறது. மூடியின் உள்ளே மோர் மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இவ்வளவும் ஐந்து நிமிஷம். மீதி முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதில். அப்போது பாட்டுப் பெட்டியை அணைத்துவிடுவார், விற்கிறவர் பேச்சையும்.

*

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவார்கள். கார் தரகில் துண்டுக்குப் பதில் போன்: நம் எதிரே உட்கார்ந்திருந்த புரோக்கர் எழுந்து வெளியே போய் ஓனரிடம் பேசிவிட்டு வருவார். இரண்டு பக்கமும் கமிஷன். அதில் தப்பில்லை, அலைகிறார். ஓனரை நேரில் பார்க்கவிடாத புரோக்கரிடம் மட்டும் வாங்குவதில்லை.

*

பீளமேட்டு வண்டி. 2017 பெட்ரோல் ஹேட்ச்பேக், முதல் ஓனர், ரிட்டயர்டு ஆசிரியர், 62,000. சாட்சிகள் எல்லாம் ஒத்துப்போகின்றன. சொல்லும் விலை 4,10,000.

விளம்பரத்தில் காணாமல் போன இதே மாதிரி வண்டிகளை வைத்து நான் போட்ட அடிப்படை 3,85,000. கழிவு: டயர் நாலும் வயசாகிவிட்டது, 20,000. பேட்டரி 5,000. கிளட்ச் பாதி தேய்ந்திருக்கிறது, 5,000. முன் சஸ்பென்ஷனில் புஷ், லிங்க் ராடு 6,000. ஆக 36,000. மிச்சம் 3,49,000. பின் கதவில் கீறல், அதற்கு எதுவும் கழிக்கவில்லை. இன்சூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. எந்த வண்டி வாங்கினாலும் அது நம் செலவு, அதையும் கழிக்கவில்லை.

காகிதத்தை ஆசிரியரிடமே காட்டிவிட்டேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். “புது டயர் போட்டா அது நாலு வருஷம் உங்களுக்குத்தானுங்க ஓடும். பழைய வண்டிக்குப் புது டயர் காசு நான் ஏன் தரணும்?” என்றார். சரியான கேள்வி. நான் போட்ட அடிப்படை விலையே பாதி தேய்ந்த டயர் உள்ள வண்டியின் விலை. கழிக்க வேண்டியது பாதிதான். 10,000ஐத் திருப்பிச் சேர்த்து 3,59,000 என்றேன். “முறையா ஓட்டுனதுக்கு ஒரு ஆறு சேருங்க.” அதற்குக் கணக்கு ஒன்றும் இல்லை. மச்சான் என்னைப் பார்த்தான். 3,65,000 என்று முடிந்தது. பெயர் மாற்றச் செலவு அவருடையது.

*

வண்டி எடுத்த அன்று செய்ய வேண்டியவை. டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் எழுதிக் கையெழுத்து. அதற்கு முந்தைய சலான் எல்லாம் அவர் பொறுப்பு. ரெண்டு சாவியும் வாங்குவது. படிவம் 29, 30 அன்றே. பாலிசியை நம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் மனு. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகை அவரையே மூடச் சொல்வது, இல்லாவிட்டால் கணியூர் டோலில் நாம் போகும் ஒவ்வொரு முறையும் பீளமேட்டில் ஆசிரியர் கணக்கில் பணம் குறையும்.